மாரடைப்பு சிகிச்சையில் எவை மாறின, எவை கைவிடப்பட்டன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்போடு வரும் நோயாளியின் வீட்டார், அவசரப் பிரிவு வாசலில் தொடங்கி டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வரை கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு ஆராய்ச்சிகள் சில புதிய சிகிச்சைகளைத் தந்தன. அதே அளவுக்கு, காலங்காலமாகச் செய்துவந்த சிலவற்றைத் தேவையில்லை என்று நிறுத்தவும் வைத்தன. இந்த இரண்டாவது சங்கதி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அதனால்தான் "அங்கே செய்தார்களே, இங்கே ஏன் செய்யவில்லை" என்ற சந்தேகம் அடிக்கடி எழுகிறது.

போன மாதம் டிரெட்மில் டெஸ்ட் நார்மல். இந்த மாதம் அட்டாக். எப்படி?

டிரெட்மில் சோதனை, குழாயை நிரந்தரமாகக் குறுக்கிவிட்ட பெரிய அடைப்புகளைத்தான் காட்டிக்கொடுக்கும். மாரடைப்பு பெரும்பாலும் வேறு விதமாக வருகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டின் மேல்தோல் திடீரென்று வெடிக்கிறது. அந்த இடத்தில் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாயை முழுதாக அடைத்துவிடுகிறது. வெடிக்கும் முன் அந்தத் திட்டு பல சமயம் குழாயில் பாதியைக்கூட அடைத்திருக்காது. அதனால் நடக்கும்போதும் மாடி ஏறும்போதும் எந்தத் தொந்தரவும் தெரிந்திருக்காது.

அடைத்த பிறகு அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை அரை மணி நேரத்துக்குள் சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் குழாயைத் திறந்தால் காப்பாற்றக்கூடிய தசைக்கும், பத்தாவது மணி நேரத்தில் திறந்தால் மிஞ்சும் தசைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வாயுத் தொல்லையா, அட்டாக்கா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. டாக்டராலும் ஈ.சி.ஜி. இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

நெஞ்சின் நடுவில் அழுத்தம், எரிச்சல், இறுக்கம், அது தாடைக்கோ, கைக்கோ, முதுகுக்கோ பரவுவது, காரணமில்லாமல் கொட்டும் வியர்வை, வாந்தி, மேல்வயிற்று வலி. இவற்றில் ஏதாவது பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் நேரே ஈ.சி.ஜி.க்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலோ மயக்கமோ மட்டும் வரலாம். பெண்களுக்கு அசதியும் குமட்டலும் முந்திக்கொள்வதுண்டு. 'அவங்களுக்கு எப்பவும் கேஸ்தான்' என்ற வார்த்தையால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது தாமதமாகிறது.

சோடா குடித்து ஏப்பம் வந்தது, வலி குறைந்தது, ஆகவே வாயுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். உறைந்த ரத்தம் சற்றே கரைவதும் மறுபடி உறைவதுமாக இருக்கும்போது வலியும் அப்படித்தான் வந்து வந்து போகும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

108-ஐ அழையுங்கள். நோயாளி வண்டி ஓட்டக் கூடாது. பைக்கின் பின்னால் உட்காரவைத்தும் கூட்டிப்போக வேண்டாம். மாடியில் இருந்தால் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குங்கள்.

ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, ரத்த வாந்தி, கருப்பு மலம் போன்ற ரத்தக்கசிவோ இல்லையென்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யுங்கள். கடையில் கிடைக்கும் ஆஸ்பிரின் மாத்திரைகள் பலவும் வயிற்றைத் தாண்டிக் குடலில் கரையும்படி மேலுறை போட்டவை. அப்படியே விழுங்கினால் வேலை செய்ய நேரம் எடுக்கும்.

நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை யாரோ சொன்னார்கள் என்பதற்காக எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. அது ரத்த அழுத்தத்தைத் தடாலென்று இறக்கும். இதயத்தின் வலது பகுதியைத் தாக்கும் மாரடைப்பிலும், ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையை 24 மணி நேரத்துக்குள் (டடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள்) எடுத்தவர்களுக்கும் அது ஆபத்து. இந்த மாத்திரை எடுத்ததைப் பலரும் வீட்டார் முன் சொல்லக் கூச்சப்படுவார்கள். அவசரப் பிரிவில் தனியாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் மறக்க வேண்டாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம் திட்டத்தின்' கீழ் அங்கே முதல் தவணை மருந்துகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரெல் 75 மி.கி. 4, அட்டார்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8 என மொத்தம் 14 மாத்திரைகள். இவை குழாயைத் திறந்துவிடாது. உறைவு மேலும் பெருகாமல் தடுத்து, பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை தாங்கிப்பிடிக்கும். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் அதே மருந்தைத் திரும்பவும் முழு அளவில் கொடுத்துவிடாமல் இருக்க அது உதவும்.

நோயாளி நினைவிழந்து, மூச்சு நின்றோ திணறித் திணறி விட்டுக்கொண்டோ இருந்தால், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்த வேண்டாம்.

முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்றார்கள். பிறகு ஏன் வீட்டுக்கு அனுப்ப மறுக்கிறார்கள்?

ஈ.சி.ஜி. அந்த ஒரு சில விநாடியின் படம் மட்டுமே. வந்த 10 நிமிடத்துக்குள் முதலாவது எடுக்க வேண்டும். வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும். இதயத்தின் பின்சுவரில் வரும் அடைப்பு வழக்கமான 12 பதிவுகளில் சரியாகத் தெரியாது. முதுகுப் பக்கம் மின்முனைகளை ஒட்டி எடுத்தால்தான் பிடிபடும். கீழ்ச்சுவர் மாரடைப்பு என்றால் வலது மார்பிலும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்து ட்ரோபோனின் ரத்தச் சோதனை. இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. பழைய முறையில் அது உயர ஆறு மணி நேரம்கூட ஆகும். நோயாளி இரவு முழுவதும் காத்திருப்பார். இப்போதைய உயர்நுண் ட்ரோபோனின் சோதனையில் வந்தவுடன் ஒன்று, ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ஒன்று என இரண்டு மாதிரிகள் போதும். முதல் எண்ணைவிட இரண்டு எண்களுக்கும் இடையிலான ஏற்றம் முக்கியம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த எண் எப்போதுமே கொஞ்சம் கூடியே இருக்கும். அது ஏறாமல் அப்படியே நின்றால் மாரடைப்பு என்று பொருளல்ல.

ஈ.சி.ஜி. கோட்டில் எஸ்.டி. என்று குறிக்கும் பகுதி தெளிவாக உயர்ந்திருந்தால் ட்ரோபோனின் முடிவுக்காக யாரும் காத்திருக்கக் கூடாது. அது நேரத்தை வீணாக்குவது.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியா, பலூனா? எது நல்லது?

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரண்டும் கிடைத்தால் பலூன்தான், அதாவது குழாய்க்குள் பலூனை ஊதி அடைப்பைத் திறக்கும் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி. ஆனால் கேள்வி அப்படி வருவதில்லை. ஊசி இங்கே இப்போது கிடைக்கும், பலூன் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற நிலையில்தான் பெரும்பாலானோர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

விதி இதுதான்: மாரடைப்பு என்று ஈ.சி.ஜி. காட்டியதிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பைக் கம்பி தாண்டிவிடும் என்றால் பலூன். முடியாது என்றால், வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் இருப்பவருக்கு, முடிவெடுத்த 10 நிமிடத்துக்குள் ஊசி. அந்த 120 நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வரும் நேரமும், சாலைப் பயணமும், இந்தச் சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேபின் ஆட்கள் நள்ளிரவில் வந்துசேரும் நேரமும் அடக்கம். 'ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்' என்று கணக்குப் போடுகிறவர்கள் சாலையை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள்.

டெனெக்டிப்ளேஸ் ஊசியை எடைக்கேற்ப ஒரே தவணையில் சில விநாடிகளில் போட்டுவிடலாம்: 60 கிலோவுக்குக் கீழே 30 மி.கி., அதன்பின் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 5 மி.கி. கூட்டி, 90 கிலோவும் அதற்கு மேலும் 50 மி.கி. 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதி அளவு. 2013-இல் வெளியான, 1,892 பேர் பங்கேற்ற ஸ்ட்ரீம் ஆய்வின் நடுவில் வயதானவர்களிடம் மூளை ரத்தக்கசிவு கூடியது கண்டு அளவைப் பாதியாக்கியதிலிருந்து வந்த பாடம் அது. விலை குறைந்த ஸ்ட்ரெப்டோகைனேஸை 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் சொட்டுசொட்டாக ஏற்ற வேண்டும். நடுவில் ரத்த அழுத்தம் இறங்கும், அப்போது வேகத்தைக் குறைப்பார்கள். ஒருமுறை போட்டால் உடலில் அதற்கு எதிர்ப்பொருள் உருவாகிவிடுவதால் அடுத்த அட்டாக்குக்கு அதையே போடக் கூடாது. பழைய சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் காட்டுங்கள்.

யாருக்கு ஊசி கூடாது? எப்போதாவது மூளையில் ரத்தம் கசிந்தவர், கடந்த ஆறு மாதத்தில் பக்கவாதம் வந்தவர், ஒரு மாதத்துக்குள் தலையில் பலத்த அடியோ பெரிய அறுவை சிகிச்சையோ கண்டவர், இப்போது ரத்தம் கசிந்துகொண்டிருப்பவர், பெருந்தமனி கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர். ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் நூறில் ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசியலாம். கையெழுத்து வாங்கும்போது டாக்டர் சொல்லும் "ரிஸ்க்" இதுதான். இதைக் கேட்டு, ஊருக்குப் போன் போட்டு நாலு பேரிடம் யோசனை கேட்பதில் அரை மணி நேரம் போனால், அந்த நூறில் ஒன்றைவிடப் பெரிய நட்டம் இதயத்துக்கு வந்துவிடும்.

ஊசி போட்டதும் வலி நின்றுவிட்டது. பிறகு எதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்?

ஊசி கரைப்பது உறைந்த ரத்தத்தை மட்டும். வெடித்த கொழுப்புத் திட்டு அங்கேயேதான் இருக்கிறது; அதே இடத்தில் மறுபடி உறையலாம். ஊசி போட்ட 60 முதல் 90 நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, உயர்ந்திருந்த எஸ்.டி. பகுதி பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கவில்லை என்றால் ஊசி பலிக்கவில்லை; உடனே பலூன் வேண்டும். மேலே சொன்ன ஸ்ட்ரீம் ஆய்வில் ஊசி போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இப்படி அவசரமாக ஆஞ்சியோவுக்கு (சாயம் ஏற்றி இதயக் குழாய்களைப் படம் பிடிப்பதற்கு) போக வேண்டியிருந்தது. பலித்திருந்தாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ பார்ப்பது நல்லது.

எனவே ஊசி போட்ட கையோடு வண்டியை ஏற்பாடு செய்வதே முறை. பலித்ததா என்று பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று சின்ன ஆஸ்பத்திரியில் காத்திருப்பது, ஊசி தோற்றவர்களின் நேரத்தைத் தின்கிறது.

இந்த ஏற்பாடு தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகிய இதய நிபுணர்கள் தொடங்கிய 'ஸ்டெமி இந்தியா' அமைப்பினர், கேத் லேப் உள்ள ஆஸ்பத்திரிகளைச் சுற்றி இல்லாத ஆஸ்பத்திரிகளை இணைத்து நான்கு தொகுதிகளாக அமைத்தார்கள். நோயாளியை ஆம்புலன்ஸில் மாற்றுவது, ஈ.சி.ஜி.யை முன்கூட்டியே அனுப்புவது, காப்பீட்டுத் திட்டத்தில் செலவை ஏற்பது எல்லாம் ஒரே கோட்டில் வந்தன. 2,420 பேரிடம் பார்த்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் 35 விழுக்காட்டிலிருந்து 60.8 ஆனார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். இதில் புது மருந்து ஒன்றும் இல்லை. கையில் இருந்ததைச் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததன் பலன்.

கேத் லேபுக்குள் என்ன நடக்கிறது?

நோயாளி விழித்தேதான் இருப்பார். மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்குள்ள நாடிக்குழாயில் சுமார் 2 மி.மீ. தடிமன் உள்ள உறையைச் செருகுவார்கள். குழாய் சுருங்காமலிருக்க ஒரு மருந்தும், ரத்தம் உறையாமலிருக்க ஹெபரினும் அதன் வழியே போகும். முழங்கை தாண்டும்போது சிலருக்குக் கை இழுத்துப் பிடிப்பதுபோல் வலிக்கும். அது குழாய் சுருங்குவது, சொன்னால் மருந்து கூட்டுவார்கள். சாயம் ஏற்றும்போது உடம்பு சூடாவதுபோல் தோன்றும்.

அடைத்த குழாய் தெரிந்ததும் 0.36 மி.மீ. கம்பி ஒன்றை அடைப்பின் ஊடே தள்ளுவார்கள். அநேகமாக இந்த நொடியிலேயே ரத்தம் கொஞ்சம் பாயத் தொடங்கிவிடும். பிறகு பலூனை ஊதி வழியைப் பெரிதாக்கி, ஸ்டென்டை (குழாயைத் திறந்தே வைத்திருக்கும் உலோக வலைக் குழலை) விரித்துப் பதிப்பார்கள். கடைசியாக ஸ்டென்டுக்குள் இன்னொரு கெட்டியான பலூனை அதிக அழுத்தத்தில் ஊதுவது வழக்கம். சுவரோடு ஒட்டாமல் அரைகுறையாக விரிந்து நிற்கும் ஸ்டென்ட்தான் பின்னால் மறுபடி அடைக்கிறது. குழாய் திறக்கும் தருணத்தில் இதயத்துடிப்பு தாறுமாறாவதும், ரத்த அழுத்தம் இறங்குவதும் உண்டு. வெளியே திரை பார்த்துக்கொண்டிருக்கும் உறவினர் பதறிப்போவது இங்கேதான். உள்ளே இருப்பவர்கள் அதை எதிர்பார்த்தே மருந்தும் ஷாக் கருவியும் தயாராக வைத்திருப்பார்கள்.

சில சமயம் பெரிய குழாய் திறந்தும், நுண்குழாய்களில் உறைவுத் துகள்கள் சிக்கி ரத்தம் மெதுவாகவே ஓடும். இதைத் தடுக்க உறைவை உறிஞ்சி எடுப்பதே சரி என்று ஒரு காலத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் செய்தார்கள். 2013-இல் 7,244 பேரிடமும், 2015-இல் 10,732 பேரிடமும் நடந்த இரண்டு ஆய்வுகள் அதனால் உயிர்ப்பலன் இல்லை என்று காட்டின. இரண்டாவதில் பக்கவாதம் சற்றுக் கூடியது. இன்று மிகப் பெரிய உறைவு இருந்தால் மட்டுமே உறிஞ்சுகிறார்கள்.

தொடை வழியாகச் செய்வதுதான் பழக்கம் என்கிறார்களே?

அவசர நோயாளிகள் 8,404 பேரிடம் நடந்த, 2015-இல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்வில் கை வழி ஆஞ்சியோ ரத்தக்கசிவையும் இறப்பையும் குறைத்தது. தொடையில் கசிந்தால் வயிற்றுக்குப் பின்னால் லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கியும் வெளியே தெரியாது; மணிக்கட்டில் கசிந்தால் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்திவிடலாம். கை நாடி மிகச் சிறியதாகவோ வளைந்தோ இருந்தால், இதயத்துக்கு உதவும் பம்பு வைக்க வேண்டியிருந்தால், தொடைக்கு மாறுவார்கள். மணிக்கட்டில் கட்டும் காற்றுப்பட்டையைக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

எங்கள் அப்பாவுக்கு ஆக்சிஜனே வைக்கவில்லை. கவனிக்கவில்லையா?

கவனித்ததால்தான் வைக்கவில்லை. ஸ்வீடனில் 6,629 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்ததில் ஓராண்டு இறப்பு எண்ணிக்கை மாறவே இல்லை. விரலில் மாட்டும் கருவியில் 90-க்குக் கீழே போனால் கட்டாயம் கொடுப்பார்கள்.

மூன்று குழாயில் அடைப்பு என்றார்கள், ஒன்றுக்கு மட்டும் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஏன்?

அட்டாக் வந்த அன்று அதற்குக் காரணமான குழாயைத் திறப்பதுதான் முதல் வேலை. மற்ற பெரிய அடைப்புகளை அதே சேர்க்கையிலோ சில வாரங்களுக்குள்ளோ சரிசெய்தால் நல்லது என்பதை 4,041 பேர் கொண்ட, 2019-இல் வெளிவந்த கம்ப்ளீட் ஆய்வு காட்டியது: சுமார் மூன்று ஆண்டுகளில் இதய இறப்போ மறு அட்டாக்கோ வந்தவர்கள், எல்லாவற்றையும் சரிசெய்தவர்களில் 7.8 விழுக்காடு, ஒன்றோடு நிறுத்தியவர்களில் 10.5. ஆகவே "மற்றதுக்கு எப்போது வரணும்?" என்று தேதியோடு கேட்டு வாங்குங்கள். மாத்திரையில் சரியாகிவிடும் என்று நாமாகவே விட்டுவிடக் கூடாது.

ரத்த அழுத்தமே நிற்காத அதிர்ச்சி நிலையில் வந்தவருக்கு மட்டும் கணக்கு வேறு. அவருக்கு முதல் நாளே எல்லாக் குழாயையும் திறக்கப் போனால் கேடு அதிகம் என்று 2017-இல் தெரிந்தது. அந்த நிலையில் பல்லாண்டு நம்பியிருந்த பெருந்தமனி பலூன் பம்பு உயிர் காக்கவில்லை என்பது 2012-இலேயே தெளிவானது. இதயத்துக்குள் வைக்கும் நுண் பம்பு 2024-இல் வந்த டென்மார்க், ஜெர்மனி ஆய்வில் ஆறு மாத இறப்பை 58.5-லிருந்து 45.8 விழுக்காடாகக் குறைத்தது. கூடவே ரத்தக்கசிவும், கால் ரத்தவோட்டம் கெடுவதும், டயாலிசிஸ் தேவையும் ஏறின. விலையும் பல லட்சம். தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமே அது பொருந்தும்.

'விலை கூடிய ஸ்டென்ட்' வேண்டுமா?

மருந்து தடவிய, இன்றைய தலைமுறை ஸ்டென்ட் போதும். ஆண்ட்ரியாஸ் கிரன்ட்சிக் 1977-இல் சூரிச்சில் வெறும் பலூனோடு தொடங்கியபோது, மூன்றில் ஒருவருக்கு அதே இடம் மறுபடி சுருங்கியது. வெற்று உலோக ஸ்டென்ட் அதை நான்கில், ஐந்தில் ஒருவராக்கியது. மருந்து தடவியது பத்தில் ஒருவருக்கும் கீழே கொண்டுவந்தது. தானே கரையும் ஸ்டென்ட் வந்தபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அதன் கம்பிகள் தடித்தவை. உள்ளே உறைவு அதிகமாக ஏற்பட்டதால் முதன்மையான அந்தத் தயாரிப்பு 2017-இல் சந்தையிலிருந்து விலகியது.

இந்தியாவில் 2017 பிப்ரவரியில் அரசு உச்சவிலை வைத்தது. மருந்து ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று தொடங்கிய அந்த உச்சவரம்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. பில்லில் ஸ்டென்டின் பெயரும் விலையும் தனி வரியாக வர வேண்டும். பிராண்டுக்குக் கூடுதல் பணம் செலவிடுவதைவிட, சிக்கலான அடைப்பு என்றால் குழாய்க்குள் ஒளியாலோ ஒலியாலோ படம் பார்த்து ஸ்டென்டைப் பொருத்தும் வசதிக்குச் செலவிடுவது பலனுள்ளது என்பது எங்கள் கருத்து.

அட்டாக் வரவில்லை, வலியும் இல்லை. செக்கப்பில் 80 விழுக்காடு அடைப்பு. ஸ்டென்ட் போட்டுவிடலாமா?

அவசரம் இல்லை. 5,179 பேர் பங்கேற்ற இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வெளியானது. நிலையான அடைப்பு உள்ளவர்களுக்கு முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததால், மாத்திரையோடு தொடங்கியவர்களைவிட இறப்போ அட்டாக்கோ குறையவில்லை. நடந்தால் நெஞ்சுவலி வருகிறவர்களுக்கு வலி குறைந்தது, அது உண்மையான பலன். வலியே இல்லாதவருக்கு அந்தப் பலனும் இல்லை.

விதிவிலக்குகள் உண்டு: இடது பிரதான குழாயில் அடைப்பு, இதயத்தின் பம்பு திறன் மிகக் குறைந்தவர், மாத்திரை எடுத்தும் வலி அடங்காதவர். சர்க்கரையோடு பல குழாய்களில் அடைப்பு இருந்தால் ஸ்டென்டைவிட பைபாஸே ஆயுளுக்கு நல்லது என்று 1,900 பேரிடம் நடந்து 2012-இல் வந்த ஆய்வு சொல்கிறது. பைபாஸில் பக்கவாத அபாயம் சற்றுக் கூடுதல். ஆஞ்சியோ மேசையில் படுத்திருக்கும்போதே "இப்பவே போட்டுடலாமா" என்று கேட்டால், அட்டாக் நோயாளி இல்லையென்றால், இறங்கி வந்து ஆஞ்சியோ படக் குறுந்தகட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

மாத்திரைகளை எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்? நிறுத்தினால் என்ன ஆகும்?

ஸ்டென்ட் உலோகத்தின் மேல் உடல் தன் உட்தோலைப் போர்த்தும் வரை அது உறைவைத் தூண்டும் அந்நியப் பொருள். அதுவரை ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரெல், டிக்காக்ரெலார், பிராசுக்ரெல் ஆகியவற்றில் ஒன்றும் வேண்டும். அட்டாக்குக்குப் பிறகு வழக்கமாக 12 மாதம். ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்குக் குறைக்கலாம் என்று புதிய ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் அதை எழுதிக்கொடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர். முதல் மாதம்தான் ஸ்டென்ட் அடைக்கும் அபாயம் உச்சத்தில் இருக்கும். அப்போது இரண்டு வேளை விட்டாலும் ஆபத்து. அடைத்தால் அது சின்ன அட்டாக்காக வராது.

எங்கே தவறுகிறது என்றால்: பல் பிடுங்க, கண் அறுவை சிகிச்சைக்கு என்று அங்குள்ளவர் "ரத்த மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்பார். பல் பிடுங்குவதற்கு நிறுத்தவே தேவையில்லை. அங்கேயே பஞ்சு வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தலாம். மற்றபடி யார் நிறுத்தச் சொன்னாலும் இதய மருத்துவரிடம் ஒரு போன் போட்ட பிறகே. டிக்காக்ரெலார் எடுப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். பயந்துபோய்த் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம், இடைவெளி விடக் கூடாது. குளோபிடோக்ரெல் எடுத்தால் வயிற்றுக்கு ஒமிப்ரசோல் வேண்டாம், பேன்டோப்ரசோல் எடுக்கலாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவது ரத்தக்கசிவு, அட்டாக் இரண்டையும் கூட்டும், பாராசிட்டமால் போதும்.

இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும் என்பதும் இப்போது மாறிவருகிறது. பம்பு திறன் 50 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்த 5,020 பேரிடம் நடந்து 2024-இல் வந்த ஆய்வில் அதனால் பலன் தெரியவில்லை. திறன் குறைந்தவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். எனவே பக்கத்து வீட்டுக்காரருக்கு நிறுத்தினார்களே என்று நீங்களும் நிறுத்திவிட வேண்டாம்.

கொழுப்பு நார்மல் என்று லேப் ரிப்போர்ட் சொல்கிறது. அப்புறமும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஏன்?

லேப் தாளில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' அட்டாக் வராதவர்களுக்கானது. வந்தவருக்கு எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே போக வேண்டும். அதிக அளவு ஸ்டாட்டின் அதைப் பாதியாக்கும். மாத்திரை அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 விழுக்காடுதான் குறையும், எசிட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையை 10 மி.கி. சேர்த்தால் சுமார் 20 விழுக்காடு குறையும். நான்கு முதல் ஆறு வாரத்தில் ரத்தம் பார்த்து, போதவில்லை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியோ இருக்கிறது.

ஸ்டாட்டினால் உடம்புவலி என்பவர்களிடம் ஒரு சுவையான சோதனை 2020-இல் வந்தது. வலியால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்கு ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் 90 விழுக்காடு வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யல்ல, காரணம் பெரும்பாலும் மாத்திரைக்குள் இல்லை. ஆனால் சிறுநீர் டீ நிறத்தில் போய், தொடை தூக்க முடியாத அளவு பலவீனம் வந்தால் அது வேறு. உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும்.

எக்கோ ஸ்கேனில் இ.எஃப். (இதயத்தின் பம்பு திறன்) 35 என்றார்கள். நூற்றுக்கு 35 தான் இதயம் வேலை செய்கிறதா?

இல்லை. நல்ல இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் 55 முதல் 70 விழுக்காடுதான் வெளியே தள்ளும். 35 என்பது பலவீனம்தான், பாதி இதயம் செத்துவிட்டது என்று பொருளல்ல. அட்டாக் வந்த வாரத்தில் மரத்துப்போன தசை பல வாரங்களில் மீளலாம். அதற்குள் நான்கு வகை மருந்துகளைச் சிறு அளவில் ஒன்றாகத் தொடங்கிக் கூட்டுவதே இன்றைய முறை. அதில் ஒன்றான டப்பாகிளிஃப்ளோசின் சர்க்கரைக்கு வந்த மாத்திரை. 2019-இல் அது சர்க்கரை இல்லாதவர்களின் இதயச் செயலிழப்பிலும் பலன் தருவது தெரிந்தது. 2020-இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் விலை எல்லோருக்கும் எட்டும்படி இறங்கியது. பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம். அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன் நிறுத்த வேண்டும். மருந்துகளை முழு அளவில் மூன்று மாதம் எடுத்தும் 35-ஐத் தாண்டவில்லை என்றால் ஷாக் கொடுக்கும் கருவியை மார்பில் பொருத்துவது பற்றிப் பேசுவார்கள்.

ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். எங்களை வைத்துப் பரிசோதனை செய்கிறார்களா?

மேலே சொன்ன ஒவ்வொரு எண்ணும் யாரோ சிலர் சேர்ந்ததால் கிடைத்தது. சேர்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது, சேர்ந்த பிறகும் காரணம் சொல்லாமல் விலகலாம். கேட்க வேண்டியவை: நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன? (2009-லிருந்து பதிவு கட்டாயம்.) யாருக்கு எந்தச் சிகிச்சை என்று பிரிக்கும் குலுக்கலில் எனக்கு எது கிடைத்தாலும் இன்று கொடுக்கும் சிகிச்சை உண்டா? ஆய்வினால் கேடு வந்தால் செலவு யாருடையது? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கையில் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக்காட்ட வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று எதைச் சரிபார்க்க வேண்டும்?

சம்மரியில் இவை இருக்கின்றனவா பாருங்கள்: எந்தக் குழாய், ஸ்டென்டின் பெயர், அதன் விட்டமும் நீளமும் (3.0 × 28 என்பதுபோல மி.மீ.யில்), மீதமுள்ள அடைப்புகள், இ.எஃப்., கிரியாட்டினின், இரட்டை மாத்திரை முடியும் தேதி. ஆஞ்சியோ குறுந்தகடும் ஸ்டென்ட் அட்டையும் தனியாக வாங்க வேண்டும். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க ஸ்டென்ட் தடையில்லை, ஆனால் அந்த அட்டையைக் கேட்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை பெற்றிருந்தால் அதற்கான அனுமதித் தாளின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அடைப்புக்கு வரும்போது உதவும்.

கிளம்பும் முன் வலியில்லாத நிலையில் எடுத்த கடைசி ஈ.சி.ஜி.யைக் கேட்டு வாங்கி, நோயாளியின் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் படமெடுத்து வையுங்கள். அட்டாக் வந்த இதயத்தின் ஈ.சி.ஜி. பின்னாளிலும் பெரும்பாலும் கோணலாகவே இருக்கும். அடுத்த முறை நெஞ்சுவலி என்று எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அந்தக் கோணல் பழையதா புதியதா என்று டூட்டி டாக்டர் ஒப்பிட்டுச் சொல்ல அந்தப் படம் வேண்டும்.